குமரியில் வீடு, திருவனந்தபுரத்தில் வேலை: எதை மாத்தணும், எதைத் தொடக் கூடாது?

கேள்வி, 22 ஜூலை 2025

வீடு குழித்துறைப் பக்கம். டெக்னோபார்க்கில் வேலை கிடைச்சிருக்கு, ஆகஸ்ட் 11 சேரணும். தினமும் போய்வரத்தான் யோசனை. அங்கே ஏற்கெனவே வேலை பாக்குற ஒருத்தர் சொல்றார்: ஆதார் முகவரியைக் கேரளாவுக்கு மாத்தணும், பைக்கை கேஎல் நம்பருக்கு மாத்தணும், தொழில்வரி ரெண்டு மாநிலத்துக்கும் கட்டணும், வருமான வரியும் ரெண்டு பக்கமும் காட்டணும்னு. பைக் டிஎன் 75. இதெல்லாம் உண்மையா அண்ணே?

22 ஜூலை, இரவு

நாலும் தப்பு, தம்பி. எதையும் மாத்திடாதீங்க.

ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தச் சட்டம் எதைப் பிடிச்சு நிக்குது? நீங்க வேலை பாக்குற இடத்தையா, ராத்திரி படுக்குற இடத்தையா, வண்டி நிக்குற இடத்தையா? தொழில்வரி, விடுமுறை, குறைந்தபட்ச ஊதியம் எல்லாம் வேலை இடத்தோட போகும். ஓட்டு, ரேஷன், ஆதார் எல்லாம் வீட்டோட. வண்டி எங்கே நிறுத்தி வைக்கிறீங்களோ அந்த மாநிலத்தோட. வருமான வரியும் பிஎஃப்பும் மத்திய அரசு விஷயம், களியக்காவிளை எல்லை அதுகளுக்குக் கிடையாது. உங்க பான், பிஎஃப்புக்கான உங்க யுஏஎன், அதே எண்தான்.

பிஎஃப்பில் ஒண்ணு மட்டும். நிறுவனம் திருவனந்தபுரத்தில் பதிவானதால் கணக்கும் அந்த அலுவலகத்துக் கீழேதான் இருக்கும். அதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எல்லாம் ஆன்லைன். வாரிசு நியமனத்தை முதல் மாசமே போட்டு வச்சிருங்க.

23 ஜூலை

தொழில்வரி. ரெண்டு மாநிலத்திலும் இது உள்ளாட்சி வசூலிக்கிற வரி, ரெண்டிலும் அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நீங்க உத்தியோகம் வகிக்கிற இடம் திருவனந்தபுரம் மாநகராட்சி. அங்கேதான் கட்டணும், அதையும் நிறுவனமே சம்பளத்தில் பிடிச்சுக் கட்டிரும், வழக்கமா ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும். ஆறு மாச வருமானம் 1,25,000 தொட்டால் 1,250 ரூபாய். அதுக்கு மேல ஏறாது, வருஷத்துக்கு 2,500 என்பது அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு போட்ட உச்சவரம்பு.

வீடு இருக்கிற பஞ்சாயத்தோ நகராட்சியோ இதே சம்பளத்துக்கு உங்ககிட்ட தொழில்வரி கேக்க முடியாது. வீட்டு வரி வேற, தொழில்வரி வேற. ஒரே ரசீதுப் புத்தகத்தைப் பாத்துக் குழம்புறவங்க நிறைய.

23 ஜூலை, பின்னேரம்

மேல எழுதினதில் ஒரு திருத்தம். ஆகஸ்ட் 11 சேர்றீங்கன்னு கவனிக்காமப் போயிட்டேன். கேரளச் சட்டத்தில் ஒரு அரையாண்டில் மொத்தம் 60 நாளுக்குக் குறையாம வேலையில் இருந்தால்தான் தொழில்வரி. ஆகஸ்ட் 11 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணினால் 51 நாள்தான் வருது. இந்த அரையாண்டுக்கு உங்களுக்கு வரி இல்லை. ஆனால் சம்பள மென்பொருள் தேதி பாக்காது, ஆகஸ்ட் மாசம் வந்துட்டால் எல்லாருக்கும் வெட்டிரும். சம்பளச் சீட்டு வந்ததும் அந்த ஒரு வரியைப் பாருங்க. வெட்டியிருந்தால் உடனே மின்னஞ்சல் போடுங்க. மாநகராட்சிக்குக் கட்டின பிறகு திரும்ப வாங்குறது பெரும்பாடு.

முன்னால நாகர்கோவிலில் வேலை பாத்துத் தமிழ்நாட்டில் இந்த அரையாண்டுக்குக் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் எடுத்து வச்சுக்கோங்க.

கேள்வி கேட்டவர், 24 ஜூலை

வீட்டிலிருந்து வேலை வாரம் 2 நாள் உண்டாம். அப்போ அந்த 2 நாளுக்கு தமிழ்நாடா? இன்னொண்ணு, சேர்க்கைப் படிவத்தில் 'தற்போதைய முகவரி' கேக்குறாங்க. நண்பர் ஒருத்தர் கழக்கூட்டத்தில் இருக்கார், அவர் அறை முகவரியைப் போடலாமா?

24 ஜூலை

அந்த 2 நாளுக்குத் தனிக் கணக்கு இல்லை. நியமன ஆணையில் எந்த அலுவலகம்னு எழுதியிருக்கோ அதுதான் வேலை இடம். நாளைக்கு நிறுவனமே உங்களைத் தமிழ்நாட்டுக் கிளைக்கு எழுத்து மூலம் மாத்தினால் அப்போ கணக்கு மாறும்.

முகவரி: போடாதீங்க. தற்போதையது, நிரந்தரம் ரெண்டிலும் குழித்துறை வீடே இருக்கட்டும். குழு மருத்துவக் காப்பீட்டு அட்டை அந்த முகவரிக்குத்தான் வரும். பின்னணிச் சரிபார்ப்புக்கு ஆள் அந்த அறைக்குத்தான் போவான், கதவைத் தட்டி 'இப்படி ஒருத்தர் இங்கே இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிருவான். அதைத் திருத்தப் பட்டபாடு பலருக்குத் தெரியும். காப்பீடு கையில் வந்ததும் ரொக்கமில்லாச் சிகிச்சை தர்ற ஆஸ்பத்திரிப் பட்டியலில் மார்த்தாண்டம், நாகர்கோவில் பெயர்கள் இருக்கான்னு பாருங்க. அலுவலகம் போட்டுத் தர்ற பட்டியல் பெரும்பாலும் திருவனந்தபுரத்தையே காட்டும். வீட்டில் அப்பா அம்மாவுக்கு நெஞ்சுவலின்னா ஓடுறது மார்த்தாண்டத்துக்குத்தானே.

27 ஜூலை

ஞாயிறு, நேரம் இருக்கு, போக்குவரத்தை நிதானமா எழுதுறேன்.

ரயிலில் போறவங்க சீசன் டிக்கெட்டைத் திருவனந்தபுரம் சென்ட்ரல் வரை எடுத்துட்டு, அங்கிருந்து பஸ்ஸுக்குத் தனியாச் செலவழிக்கிறாங்க. டெக்னோபார்க்குக்குக் கழக்கூட்டம்தான் பக்கத்து ஸ்டேஷன். குழித்துறை முதல் கழக்கூட்டம் வரை ஒரே சீசன் எடுங்க. சென்ட்ரலோட நிக்கிற வண்டியில் வந்தாலும், அங்கே இறங்கி அடுத்த வண்டி ஏற அதே சீசன் செல்லும். கொச்சுவேளி ஸ்டேஷனை செயலியில் தேடினால் கிடைக்காது. 2024 முதல் அதுக்குப் பேர் திருவனந்தபுரம் வடக்கு. நேமம் இப்போ திருவனந்தபுரம் தெற்கு.

மூணு மாசச் சீசன் விலை மாசச் சீசனைப் போல 2.7 மடங்கு. வேலை நிலைச்சிருச்சுன்னா அதை எடுங்க. முதல் மாசம் மட்டும் மாசச் சீசன் போதும், நேரம் ஒத்துவருதான்னு பாக்கணுமே. சீசன் வச்சிருக்கோம்னு முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாதவராத்தான் பரிசோதகர் பாப்பார், அபராதம் உண்டு. சூப்பர்ஃபாஸ்டுக்குக் கூடுதல் கட்டணம் தனியாக் கட்டியிருக்கணும். இந்த ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் எடுத்தால், போன் அணைஞ்சு போனால் டிக்கெட்டும் இல்லை. சார்ஜ் பாத்துக்கோங்க.

தாமதம் ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டால் கோபம் கொஞ்சம் குறையும். நாகர்கோவில், திருவனந்தபுரம் இடையே 70 கி.மீ. சொச்சம், 1979இல் போட்ட ஒற்றைப் பாதை. இரட்டிப்பு வேலை நடக்குது, முடியுற வரை எதிர்வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கித்தான் ஆகணும். காலையில் ஒரு வண்டி 10 நிமிஷம் பிந்தினால் அதுக்குப் பின்னால வர்ற எல்லாம் பிந்தும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. பாதை நம்ம மேடுகளை ஆழமா வெட்டிப் போகுது, ரெண்டு பக்கமும் செம்மண் சுவர். 2021 நவம்பர் மழையில் அந்த மண் சரிஞ்சு வண்டிகள் நின்னு போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் கனமழை எச்சரிக்கை வந்த நாளில் வீட்டிலிருந்து வேலையைக் கேட்டு வாங்குங்க.

27 ஜூலை, இரவு

பைக். குழித்துறையிலிருந்து களியக்காவிளை, காரோடு, அங்கே நான்கு வழிச் சாலை ஏறினால் விழிஞ்ஞம், கோவளம், திருவல்லம், ஈஞ்சக்கல், சாக்கை வழியா நேரே கழக்கூட்டம். பாலராமபுரம், கரமனை நெரிசலே கிடையாது. காரோடு, கழக்கூட்டம் பைபாஸ் சுமார் 43 கி.மீ. ஒரு வழிக்கு ஏறக்குறைய 50 வச்சுக்கோங்க. நேரம் தின்னுறது நம்ம பக்கம்தான், வில்லுக்குறி முதல் காரோடு வரை புதுச்சாலை முடியாததால் மார்த்தாண்டமும் களியக்காவிளையும் பழைய நெரிசலோடத்தான்.

கணக்கைப் பாருங்க. நாளைக்கு 100 கி.மீ., மாசம் 22 நாள் போனால் 2,200. லிட்டருக்கு 50 கிடைச்சால் 44 லிட்டர். கேரளாவில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம், அதனால் டேங்கை இந்தப் பக்கமே நிரப்புங்க. செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒரு தரம் எண்ணெய், அதாவது வாராவாரம். மண்ணெண்ணெயில் துணி நனைச்சுத் துடைச்சு, காய்ஞ்ச பிறகு, செயினின் உள்பக்கம் படுற மாதிரி விடணும். சக்கரம் சுத்தும்போது எண்ணெய் உள்ளேயிருந்து வெளியே பரவும், வெளியே விட்டால் பின் டயர்லதான் தெறிக்கும். 3,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ்னா உங்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒண்ணு. இதையெல்லாம் கூட்டினால் சீசன் டிக்கெட் பக்கத்திலேயே வராது. வாரத்தில் 3 நாள்தான் ஆபீஸ்னாலும் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

3 ஆகஸ்ட்

பைக் நம்பர் விஷயத்தை முழுசா எழுதலை. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வச்சிருந்தால்தான் அங்கே புது எண் வாங்கணும். உங்க வண்டி தினமும் அந்திக்கு வீடு வந்திருது. டிஎன் 75 அப்படியே ஓடலாம். ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று எல்லாம் இந்தியா முழுக்கச் செல்லும்.

அங்கேயே அறை எடுத்து வண்டியை வருஷக்கணக்கா விடுறவங்க கதை வேற. அவங்க மாத்தித்தான் ஆகணும்.

ஒரு காரியம் மட்டும் இப்பவே செய்யுங்க. வண்டிப் பதிவுக்கான மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் உங்க வண்டிக்கு இப்போதைய செல்போன் எண் இருக்கான்னு பாருங்க. கேரளாவில் 2023 ஜூன் முதல் கேமரா அபராதம் போடுது, பின்னால இருக்குறவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். நோட்டீஸ் பழைய எண்ணுக்குப் போய், ஒரு வருஷம் கழிச்சு வண்டியை விக்கப் போகும்போதுதான் தெரியவரும்.

16 ஆகஸ்ட்

காரில் போறவங்களுக்கு. நேத்து முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கு. தொடக்க விலை 3,000 ரூபாய், ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் முடியுதோ அதுவரை. தனியார் கார், ஜீப், வேனுக்கு மட்டும். திருவல்லம் சுங்கச்சாவடியில் போக ஒண்ணு, வர ஒண்ணு, நாளைக்கு ரெண்டு கழியும். மாசம் 44. நாலரை மாசத்தில் தீர்ந்துரும். வருஷ பாஸ்னு நினைச்சு வாங்கி, டிசம்பரில் தீர்ந்து போச்சேன்னு முழிக்காதீங்க. இருந்தாலும் ஒரு கடவைக்கு 15 ரூபாய்தான் ஆகுது. தீரத் தீர வாங்கினாலும் லாபம். உள்ளூர்வாசி மாசப் பாஸ் சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் இருக்குறவங்களுக்கு, குமரிக்காரங்களுக்கு ஒத்துவராது. பைக்குக்குச் சுங்கமே இல்லை.

20 ஆகஸ்ட்

இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு பற்றித் தனியாக் கேட்டவருக்கு. சம்பளம் 21,000 வரை உள்ளவங்களுக்கு உண்டு, உங்க பங்கு 0.75 சதவீதம். 20,000க்கு 150 ரூபாய். பதிவு செய்யும்போது உங்களுக்கு ஒரு மருந்தகம், குடும்பத்துக்கு ஒரு மருந்தகம்னு தனித்தனியாக் கேக்கும். ரெண்டிலும் திருவனந்தபுரத்தையே போட்டுட்டு, அப்புறம் அம்மாவைச் சர்க்கரை மாத்திரைக்காக எல்லை தாண்டிக் கூட்டிப் போறவங்க இருக்காங்க. குடும்பத்துக்கு வீட்டுப் பக்கத்து மருந்தகத்தைப் போடச் சொல்லுங்க. நடுவில் சம்பளம் 21,000 தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியுற வரை பிடித்தமும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

30 ஆகஸ்ட்

செப்டம்பர் 5 திருவோணம். இந்த வருஷம் அதே நாள் மிலாது நபியும், அதனால் ரெண்டு பக்கமும் அரசு விடுமுறை, வங்கியும் மூடியிருக்கும். மத்த வருஷங்களில் குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க, பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாள் ஆகும். இந்த உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, அதனால் அப்போ இந்தப் பக்கம் வங்கி திறந்திருக்கும், கேரளாவில் மூடியிருக்கும். உங்க சம்பளக் கணக்குக் கிளை அங்கேன்னால் ஓணத்துக்கு முன்னாலயே வேலையை முடிச்சிருங்க.

பொங்கலுக்குக் கவலைப்பட வேண்டாம். கேரள அரசு எல்லையோர 6 மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை தருது: திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு. ஆனால் தனியார் நிறுவனம் தன் பட்டியலைத்தான் பாக்கும். அந்தப் பட்டியல் வருஷக் கடைசியில் தயாராகும்போதே பொங்கலைச் சேர்க்கச் சொல்லுங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா நம்ம மாவட்டத்துக்கு மட்டும், அதுக்கு உங்க சொந்த விடுப்புதான்.

12 செப்டம்பர்

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு இந்த வருஷம் ஜூலை 31ஐ செப்டம்பர் 15 ஆக்கியிருக்காங்க, போடாதவங்க போட்டிருங்க.

வீட்டு வாடகைப் படி பற்றி ஒரு தர்க்கம் ஓடுது. வேலை கேரளாவில், வாடகை வீடு தமிழ்நாட்டில்னா கழிவு உண்டா? உண்டு. சட்டம் எந்த மாநிலம்னு கேக்கலை. நாகர்கோவிலும் திருவனந்தபுரமும், அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் வரை கணக்கில் எடுக்கிற ஊர்கள்தான். அடிப்படைச் சம்பளம் மாசம் 25,000, படி 10,000, வாடகை 8,000ன்னு வைங்க. வருஷ வாடகை 96,000, அதில் அடிப்படையில் 10 சதவீதம் 30,000 கழிச்சால் 66,000. கிடைச்ச படி 1,20,000. அடிப்படையில் 40 சதவீதமும் 1,20,000. மூணில் குறைஞ்சது 66,000, அதுதான் கழிவு. அப்பாவுக்கு வாடகை தர்றதா இருந்தால் வீடு அப்பா பேரில் இருக்கணும், பணம் வங்கி வழியாப் போகணும், அப்பா அதைத் தன் வருமானத்தில் காட்டணும். சொந்த வீட்டில் இருந்துக்கிட்டு ரசீது எழுதாதீங்க.

இவ்வளவும் பழைய முறையில்தான். புது முறையில் இந்த நிதியாண்டு சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரியே இல்லை. உங்க சம்பளத்துக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டிய அவசியமே இல்லை, தம்பி. மத்தவங்களுக்காக எழுதினேன்.

கேள்வி கேட்டவர், 4 அக்டோபர்

ஆகஸ்ட் சம்பளத்தில் தொழில்வரி வெட்டினாங்க அண்ணே, எழுதிக் கேட்டதும் செப்டம்பரில் திரும்பிருச்சு. இப்போ கூட வேலை பாக்குறவர் தன் கேஎல் 01 ஸ்கூட்டரை எங்க அக்காவுக்குக் குறைஞ்ச விலைக்குத் தர்றேன்கிறார். வாங்கலாமா?

5 அக்டோபர்

நல்லது, திரும்பிருச்சே.

ஸ்கூட்டர்: வாங்கினால் அது இங்கே நிக்கும், அப்போ 47ஆம் பிரிவு உங்க பக்கம் திரும்பும். தமிழ்நாட்டு எண் வாங்கணும், ஆயுள் வரியும் கட்டணும். விலையில் குறையுறது வரியில் போயிருமான்னு முதலில் மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

வாங்குறதுன்னு முடிவானால் வரிசை இது. முதலில் கேரளாவில் அந்த வண்டிக்கு அபராதம் ஏதும் பாக்கி இருக்கான்னு பாக்கணும், இருந்தால் தடையில்லாச் சான்று வராது. கடன் இருந்ததுன்னால் வங்கிக் கடிதமும் ஃபார்ம் 35உம். அப்புறம் ஃபார்ம் 28, அதான் தடையில்லாச் சான்று. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இங்கே வந்ததும் புது எண்ணுக்கு ஃபார்ம் 27. வித்தவர் கையெழுத்து எல்லாத்திலும் ஒரே மாதிரி இருக்கணும், ஆர்சியில் இருக்கிற மாதிரியே.

ஃபார்ம் 28இல் சேசிஸ் எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் கேப்பாங்க. இதில்தான் பாதிப் பேர் திரும்பி வர்றது. எண் எங்கே பொறிச்சிருக்குன்னு ஆர்சியை வச்சுத் தேடுங்க, வண்டிக்கு வண்டி இடம் மாறும். கிரீஸும் துருவும் ஏறிக் கிடக்கும். பெட்ரோல் துணியால் துடைச்சு நல்லா உலரவிடுங்க. மெல்லிய காகிதத்தை மேல வச்சு, பென்சிலைச் சாய்ச்சு, ஒரே திசையில் லேசாத் தேய்ங்க. அழுத்தினால் காகிதம் நகர்ந்து எண் ரெட்டையா விழும். 8உம் பி எழுத்தும் பிரிச்சுத் தெரியணும். ஒண்ணுக்கு நாலா எடுத்து வச்சுக்கோங்க, வண்டி இங்கே வந்த பிறகும் கேப்பாங்க.

11 அக்டோபர்

விட்டுப்போன ரெண்டு.

ஓட்டு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு ஏப்ரல் 26. 19ஆம் தேதி அங்கே அலுவலகம் நடந்தது, நம்மாட்கள் சம்பள வெட்டோட விடுப்பு போட்டு வந்தாங்க. அது தேவையே இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு, ஓட்டுரிமை உள்ள ஊழியருக்கு அவருடைய தொகுதியில் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோட விடுமுறை தரணும்ங்குது. அலுவலகம் வேற தொகுதியில், வேற மாநிலத்தில் இருந்தாலும் உரிமை உண்டு. அடுத்த வருஷம் ரெண்டு மாநிலத்துக்கும் சட்டமன்றத் தேர்தல் வருது. வாக்காளர் அட்டை நகலோட முன்கூட்டியே எழுதிக் கேளுங்க.

பிள்ளைகள் படிப்பு. அலுவலகம் போற வழின்னு கேரளப் பக்கம் பாறசாலைப் பள்ளியில் சேர்க்குறவங்க யோசிச்சுச் சேருங்க. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிச்சவங்களுக்குப் பிறப்பிடச் சான்று கேக்க மாட்டாங்க, வெளியே படிச்சவங்க வாங்கிக் காட்டணும். சொந்த ஊர் இங்கேன்னால் அது கிடைச்சிரும், அலைச்சல்தான். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 6 முதல் 12 வரை இங்கே அரசுப் பள்ளியில் படிச்சால்தான். அதை எந்தச் சான்றும் திருப்பித் தராது.

11 அக்டோபர், இரவு

ஸ்கூட்டருக்கு ஒண்ணு சேர்க்கணும். தடையில்லாச் சான்றில் எந்த அலுவலகத்துக்குன்னு எழுதுற இடத்தில் நாகர்கோவில்னு போட்டுராதீங்க. அக்கா வீடும் குழித்துறைப் பக்கம்னால் மார்த்தாண்டம், டிஎன் 75. ஊர் பேர் மாறினால் திரும்ப திருவனந்தபுரம் போகணும்.